படுக்கையருகே அமர்ந்து எழுதுவோர்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் சோதனைச் சாவடியோடு நிற்கும் கோபாலபுரத்தையும், அதைச் சுற்றியுள்ள சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பகுதி ஊர்களையும் அறிந்தவர்களுக்கு, அங்கே தென்னந்தோப்புகளின் நடுவேயுள்ள வீடுகள் பலவற்றில் பேசப்படுவது தமிழ் என்பதும், அவ்வீடுகள் சார்ந்திருக்கும் பஞ்சாயத்துகளின் காரியாலயங்களில் வழங்குவது மலையாளம் என்பதும் புதிய செய்திகளல்ல. ஆனால் அவ்வீடுகளில் பக்கவாதத்தாலோ மூப்பினாலோ எழுந்து நடமாட இயலாமல் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களை யார் பராமரிக்கிறார்கள், எதையெதை இழந்து பராமரிக்கிறார்கள் என்பது அத்தனை தெரிந்த செய்தியன்று. அதைத் தெரிந்து சொல்வதற்கென்றே இனவரைவியல் என்னும் சாஸ்திரம் இருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தின் மிகக் கடினமான பகுதியைத் தம் தோளில் சுமக்கும் இளநிலை ஆராய்ச்சியாளர்களுக்கு நம் கல்வி ஸ்தாபனங்கள் நியாயம் செய்யவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் கேரளத்தின் பெருமையை மறைக்க வேண்டியதில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டு டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், சில ஆண்டுகளுக்குப் பின் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை அயலார் தாமே முன்வந்து நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடாக வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. இன்று பஞ்சாயத்துதோறும் ‘பாலியேட்டிவ் நர்ஸ்’ வீடு தேடி வருகிறார். சாவடிக்கு இந்தப் புறத்தில் தமிழ்நாடும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இதே பணியை மேற்கொண்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர் என்பதை நினைத்தால், இவ்வேற்பாடுகளின் அவசியத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக் கணக்குகளை நான் குறைத்து மதிப்பவனல்லன். 2017-18இல் நாடு முழுவதும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட முதுமை பற்றிய பெரும் ஆய்வு இல்லாமல் எந்த அரசும் திட்டம் தீட்ட இயலாது. ஆயினும் வாசலில் நின்று வினாப்பட்டியலை நீட்டி, “பெரியவரை யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்பவருக்கு, “எல்லாரும்தானுங்க பார்த்துக்கறோம்” என்ற மரியாதையான பதிலே கிடைக்கும். அந்த ‘எல்லாரும்’ என்பது உண்மையில் ஒரே ஒரு மருமகள் என்பதும், படுக்கைப் புண் வராதிருக்கும் பொருட்டு இரண்டு மணிக்கொரு முறை அந்தக் கனத்த உடலைப் புரட்டிவிட வேண்டியிருப்பதால் அவள் நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்பதும், நர்ஸ் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போன நாளுக்கும் அவர் மறுபடி வரும் நாளுக்கும் இடையே அவளுக்கு முழு இரவுத் தூக்கம் என்பதே இல்லை என்பதும், படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிப்போருக்குக் கேரள அரசு ‘ஆசுவாசகிரணம்’ என்ற பெயரில் வைத்திருக்கும் மாதம் 600 ரூபாய் அவள் கைக்கு வந்ததா, வந்தால் எதற்குச் செலவாயிற்று என்பதும், வாரக்கணக்கில் அந்த வீட்டுத் திண்ணையிலும் அடுக்களை ஓரத்திலும் அமர்ந்து, முறம் புடைக்கும்போது பேச்சுக் கொடுத்து, கேள்வி கேட்க வேண்டிய நேரத்தையும் வாய்மூடி இருக்க வேண்டிய நேரத்தையும் பழகி அறிந்த ஒருவருக்கே தெரிய வரும். அப்படி அமர்பவர் ஆய்வுத் திட்டத்தின் தலைவரான பேராசிரியர் அல்லர்; ஒப்பந்தச் சம்பளத்தில் அமர்த்தப்பட்ட, இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒரு பெண்ணாகவே பெரும்பாலும் இருப்பாள்.

அவளுக்கு முன்னால் எழும் தர்மசங்கடங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் அடங்குவனவல்ல. மாமனாரைத் தனியாகப் புரட்ட முடியாமல் மருமகள் திணறும்போது குறிப்பேட்டை மடித்து வைத்துவிட்டுக் கை கொடுக்கலாமா, அல்லது அது ஆய்வின் நடுநிலையைக் கெடுக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கை கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்ததைக் குறிப்பில் எழுதிவிடவும் வேண்டும். அமெரிக்காவில் டிமதி டயமண்ட் என்ற சமூகவியலறிஞர் முதியோர் இல்லங்களில் உதவிப் பணியாளராகவே பயிற்சி பெற்று, குளிப்பாட்டியும் ஊட்டியும் வேலை செய்து, 1992இல் வெளியிட்ட நூலில், இல்லத்துப் பதிவேடுகளில் ஏறாமல் போகும் ஆறுதலும் அரவணைப்புமே பராமரிப்பின் உயிர் என்று காட்டியதற்கு, அவருடைய கைகள் அந்த வேலையை அறிந்திருந்ததே காரணம். இதைவிடக் கடினம், கிழவர் கண்ணயர்ந்த நேரத்தில் சொத்துப் பத்திரத்தைப் பற்றியோ மகனுடைய அடியைப் பற்றியோ தாழ்ந்த குரலில் சொல்லப்படும் அந்தரங்கங்களைச் சுமப்பது. அதனினும் கடினம், ஞாபகம் தேய்ந்துபோன முதியவளுக்காக வீட்டார் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தோடு திருப்தியடையாமல், ஒவ்வொரு நாளும் அவள் முகக்குறிப்பைப் பார்த்து, இன்று நாம் இங்கே இருக்கலாமா என்று அறிந்துகொள்வது. ஒரு நாள் அந்தக் கட்டில் காலியாகிவிடும்போது அந்த இளம் பெண்ணின் துக்கத்தைக் கேட்க ஆய்வுத் திட்டத்தில் ஒருவரும் நியமிக்கப்பட்டிருப்பதில்லை.

ஜூலியஸ் ராத் என்ற அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1966இலேயே ஒரு கட்டுரையில் இதற்கு எச்சரிக்கை விடுத்தார். ஆய்வின் நோக்கத்தில் பங்கில்லாமல் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள், பார்க்காததைப் பார்த்ததாகவும் கேட்காததைக் கேட்டதாகவும் எழுதிவிடுவதை எடுத்துக்காட்டி, அது அவர்களுடைய ஒழுக்கக் குறைவன்று, அவர்கள் வைக்கப்பட்டிருக்கும் ஸ்திதியின் இயல்பான பலன் என்று அவர் வாதித்தார். சில மாத ஒப்பந்தம், தாமதமாக வரும் சம்பளம், வெளியாகும் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு நன்றி, இவற்றோடு நிறுத்திக்கொண்டு உண்மையை மட்டும் முழுமையாகக் கேட்பது எப்படி நியாயமாகும்?

நம் பக்கத்திலேயே இரண்டு பழைய உதாரணங்கள் இருக்கின்றன. 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளின் முகப்பில், எட்கர் தர்ஸ்டனின் பெயரோடு, உதவியாளர் கே. ரங்காச்சாரியின் பெயரும் அச்சாகியிருக்கிறது. காலனியாட்சிக் காலத்து நூலொன்று செய்த அளவு மரியாதையையாவது இன்றைய ஆய்வறிக்கைகள் செய்ய வேண்டாமா? பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரோ, ஆசிரியர் உத்தியோகத்தின் நடுவே கிடைத்த ஓய்வு நேரங்களில், கௌரவப் பணியாகவே கொச்சி ராஜ்யத்து மக்களை ஆராய்ந்து 1909இலும் 1912இலும் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். சித்தூர்த் தாலுகா அந்நாளில் அந்த ராஜ்யத்தைச் சேர்ந்ததே. மொழியும் மண்ணும் பழகியவர் எழுதினால் என்ன விளையும் என்பதற்கு அவர் பிரத்தியட்சச் சான்று. ஊதியமில்லாமல் உழைத்த அவருடைய தியாகம் இன்றைய இளைஞர்களுக்குச் சம்பளம் மறுப்பதற்கு ஆதாரமாகாது.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. இரண்டு மொழியும் வீட்டிலேயே கற்ற பிள்ளைகள் அந்த எல்லையூர்களில் வளர்கிறார்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவரைத் தொலைவிலுள்ள நகரத்திலிருந்து சில வாரங்களுக்கு அனுப்புவதைக் காட்டிலும், அவர்களில் சிலருக்குப் பயிற்சி அளித்து, இரண்டாண்டுகளேனும் நிலைத்த நியமனம் தருவதே ஆய்வுக்கு மெய்யான லாபம். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் போன்று பணம் வழங்கும் ஸ்தாபனங்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: நெடுங்காலப் பராமரிப்பைப் பற்றிய எந்த ஆய்வுக்கும், களத்தில் அமர்ந்தவரின் பெயர் நூலாசிரியர் வரிசையில் இடம்பெறும் என்றும், அவருடைய சம்பளம் மாதந்தோறும் தவறாமல் சேரும் என்றும், எழுதப்பட்டது அந்தந்த வீட்டில் அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டப்படும் என்றும் எழுத்து மூலமான உறுதி பெற்ற பிறகே முதல் தவணையை விடுவியுங்கள்.