எதிர்ப்பவர் விலை கொடுக்கத் தயாரா?



ஒருவர் தன் வீட்டு மனையை இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் தெருவே திரண்டு எதிர்க்கிறதே, ஏன்? தெரு நெரிசலாகிவிடும் என்கிறார்கள். சாக்கடை தாங்காது என்கிறார்கள். குழாயில் வரும் தண்ணீர் இப்போதே போதவில்லை என்கிறார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்கிறார்கள்: "யார் யாரோ வந்துவிடுவார்கள்." பல இடங்களில் கடைசியாக வரும் இந்த வார்த்தைதான் முதல் காரணம்!

பேகம்பூரிலோ நாகல்நகரிலோ ஒரு பத்து சென்ட் மனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் வஃபாத்தாகிவிட்டார். கடனும் இல்லை, வஸிய்யத்தும் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மார்க்கச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் சென்ட். மகன்களுக்கு ஆளுக்கு மூன்றரை சென்ட். மகளுக்கு ஒன்றே முக்கால் சென்ட். 762 சதுர அடி! ஒரு சிறு குடும்பம் கௌரவமாகத் தலைசாய்க்கப் போதுமான இடம்.

இந்த மனையைப் பிரிக்கக் கூடாது என்று தெரு சொன்னால் யாருடைய பங்கு முதலில் காணாமல் போகும்? மூன்றரை சென்ட்காரருடையதா? இல்லை, அந்த மகளுடையது! "பிரிக்க விடமாட்டேன் என்கிறார்களம்மா, கொடுப்பதை வாங்கிக்கொள்" என்று சொல்ல அண்ணன்மாருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. அந்தச் சாக்கைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் யார்? ஐந்து வேளையும் முன் ஸஃப்பில் நிற்கிற நாம்தானே!

இந்தச் சண்டை நம் ஊரோடு நிற்பதல்ல. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்த சண்டிகரில், ஒரு மனைக்கு ஒரு வீடு என்றிருந்த பகுதிகளில், மூன்று பேர் கூட்டாக மனை வாங்கி, மாடிக்கு ஒருவராக எடுத்துக்கொண்டார்கள். குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. முதல் கட்ட நகரமான 1 முதல் 30 வரையான செக்டார்களில் அப்படித் துண்டாக்கக் கூடாது என்று 10.1.2023 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரம்பரிய நகரம் என்பது அங்கே ஒரு நியாயமான காரணம். நம் தெருவில் என்ன பாரம்பரியம் கெட்டுவிடப் போகிறது?

அகமதாபாத்தில் 1926-ல் பதிவான ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம். தகப்பன் வழி வந்த பங்களாவை இடித்துக் குடியிருப்புகள் கட்ட விரும்பினார் ஓர் உறுப்பினர். பார்சி அல்லாதவருக்குப் போகக் கூடாது என்று சங்கம் வழக்காடியது. சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்ணிக்கையில் சிறுத்துப்போன சமுதாயத்தின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வாதத்தைப் பெரிய சமுதாயம் கையில் எடுத்தால் கதவு யார் முகத்தில் சாத்தப்படும்? அரசுத் திட்டத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு ஒதுக்கிய வீட்டை எதிர்த்து 2024-ல் வதோதராவில் அக்கம்பக்கத்தார் போராடினார்கள். அதைப் படித்துக் கொதித்தவர்கள் நாம். அந்தக் கொதிப்பு உண்மையென்றால் நம் தெருவில் "யார் யாரோ" என்று பேசலாமா?

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டு மனையை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வுட்சைட் என்ற செல்வந்தர் ஊர் என்ன செய்தது தெரியுமா? எங்கள் ஊர் முழுவதும் மலைச் சிங்கங்கள் வாழும் இடம், எனவே பிரிக்க முடியாது என்றது! மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் எச்சரித்ததும் பின்வாங்கியது. சிங்கத்தைக் காட்டி ஏழையைத் தடுக்கப் பார்த்தார்கள். நம்மவர்கள் சாக்கடையைக் காட்டுகிறார்கள்.

சரி, பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமையே இல்லையா? உண்டு! மதரஸாவில் ஷுஃப்ஆ என்ற பாடம் உண்டு. சொத்து விற்கப்படும்போது முதலில் பங்காளி, பிறகு பாதையிலும் நீரிலும் பங்குள்ளவர், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் என்று முன்வாங்கும் உரிமையை ஹனஃபி மத்ஹப் வரிசைப்படுத்துகிறது. ஷாஃபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டும்தான். ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். விற்பனைச் செய்தி கேட்ட உடனே கோர வேண்டும். வெளியார் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்தே வாங்க வேண்டும். "நானும் வாங்க மாட்டேன், வேறொருவனுக்கும் விற்காதே" என்பதற்கு ஃபிக்ஹில் இடமே இல்லை!

நாட்டுச் சட்டத்தில் அந்த உரிமையும் நமக்குக் கிடையாது. முன்வாங்கும் உரிமை சென்னை மாகாணத்தில் செல்லாது என்று 1870-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக அந்த உரிமை தரும் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, எதிர்ப்பவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்?

எல்லா எதிர்ப்பும் பொய் என்று நான் சொல்லவில்லை. விளைநிலத்தில் கல் நட்டு, சாலையும் வடிகாலும் இல்லாமல் மனை விற்றவர்களை நாம் பார்க்கவில்லையா? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 9.9.2016 அன்று தடை போட்டபோது யார் மாட்டிக்கொண்டார்கள்? சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஏழைகள். 20.10.2016-க்கு முன் போடப்பட்ட மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்த பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது.

எனவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பின்மனைக்குப் பாதை எத்தனை அடி? அது பத்திரத்தில் எழுதப்பட்டதா, வாய்ப் பேச்சா? கழிவுநீர் எங்கே போகும்? பிரிக்க முறையான அனுமதி வாங்கியாயிற்றா? பட்டாவில் உட்பிரிவு ஆகுமா? இவற்றுக்குப் பதில் இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் வழி சொல்லிக் கொடுங்கள். வசதியுள்ள வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்! அடுத்த முறை ஜமாஅத்தில் இப்படியொரு புகார் வந்தால், புகார் கொடுத்தவரிடமே முத்தவல்லி முதலில் கேட்கட்டும்: "அந்த ஒன்றே முக்கால் சென்ட்டை வெளியார் தரும் விலைக்கே நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா?"