பழைய கணினி பயனற்றதா?

பத்தாண்டுகளாக உழைத்துவரும் கணினி ஒன்று ஒரு வீட்டில் இருக்கிறது. அதன் திரை மங்கவில்லை, விசைப்பலகையும் பழுதாகவில்லை. ஆயினும், அதன் இயங்குதளத்திற்கான ஆதரவு முடிவடைந்துவிட்டது என்னும் அறிவிப்பு ஒருநாள் திரையில் தோன்றுகிறது. உடனே அதனை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால், அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுவதும் தவறாகும்.

கணினியின் உறுப்புகளையும் பிற மென்பொருள்களையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் அதில் குறைகள் இருக்கவே செய்யும். அவை தெரியவரும்போதெல்லாம் நிறுவனம் இணையவழியே திருத்தங்களை அனுப்புகிறது. இதுவே ஆதரவின் முதன்மையான பணி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அதன்பின்னும் கணினி இயங்கும். ஆனால், அது தாழ் இல்லாக் கதவுடைய வீட்டைப் போன்றது.

இந்த ஆபத்து வெறும் கற்பனையன்று. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணிகளே தடைப்பட்டன. அதனைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் ஒன்றை நிறுவனம் வெளியிட நேர்ந்தது.

பழைய மென்பொருளைக் காலமெல்லாம் பேணுவது நிறுவனங்களுக்கு எளிதன்று என்பது உண்மையே. எனினும், விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 போன்ற பாதுகாப்பு வசதிகள் இல்லாமையால், நன்கு இயங்கும் கணினிகள் பலவும் விலக்கப்படுகின்றன. பழுதற்ற பொருளின் ஆயுளை ஒரு நிறுவனத்தின் நாள்காட்டி மட்டுமே முடிவு செய்வது ஏற்புடையதன்று.

ஆகவே, செய்யத்தக்கவற்றை வரிசைப்படுத்திக்கொள்ளுதல் நன்று. முதலில், கோப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் ஒளிப்படங்கள் அழிந்துபோனால் எந்தக் கடையிலும் அவற்றை வாங்க இயலாது. அடுத்து, புதிய பதிப்பை ஏற்காத கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி அளித்துவருகின்றன. லினக்சில் தமிழிலும் தட்டச்சு செய்யலாம். சில மென்பொருள்கள் மட்டும் அதில் இயங்கா. அவற்றுக்கு மாற்று உண்டா என்று முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். இதற்கும் வழியில்லையெனில், இணையத்தைத் துண்டித்து எழுதவும் கணக்கிடவும் பயன்படுத்தலாம்; வங்கிப் பணிகளுக்குக் கூடாது.

எவ்வழியும் பயன்படாதபோதே கணினியைக் கைவிட வேண்டும். அப்போதும் அதனைக் குப்பைத்தொட்டியில் இடலாகாது. பழைய மின்சுற்றுப் பலகைகளிலுள்ள ஈயம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். தகவல்களை முற்றிலும் அழித்தபின், உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் அதனை ஒப்படைத்தலே முறை.

அறிவிப்பைக் கண்டு அஞ்சி எறிவதும் அறியாமை. அலட்சியமாக இருப்பதும் அறியாமை. பொருளின் இயல்பறிந்து, அது தரும் பயனை முழுமையாகப் பெறுவதே அறிவுடைமை.