மூன்று நிறங்கள் போதும்

கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கும்போதெல்லாம், புது நிறங்கள் வேண்டும் என்ற குரல் எழுகின்றது. நிறங்களைக் கூட்டினால் விற்பனை கூடிவிடுமா? கூடாது என்பதே நமது கருத்து. கடுகு மஞ்சள், செங்காவி, அரக்கு ஆகிய மூன்றையும் நம் சங்கங்கள் தெரிந்தெடுத்து, சேலை முதல் சன்னல் திரை வரை சில பருவங்களுக்கு விடாமல் நெய்தல் நன்று. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர் முன் வைக்கின்றோம்.

இது புதிய மார்க்கம் அன்று. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை நோக்குக. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்பனவே அதன் பழைய நிறங்கள். பிற்காலத்தில் வேறு நிறங்களும் புகுந்தன. ஆயினும் கண்டாங்கி என்றதும் நம் மனத்தில் தோன்றுவன அம்மூன்றுமே. அச்சேலைக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தூரத்தில் பார்த்ததும் இன்ன ஊர்ச் சரக்கு என்று சொல்லவல்ல அடையாளம், எத்தனை விளம்பரம் செய்தாலும் வாராது.

நாம் கூறும் மூன்றில் மஞ்சள் வெளிறியது, செங்காவி நடுத்தரமானது, அரக்கு ஆழ்ந்தது. கண்டாங்கியில் கறுப்பு செய்யும் வேலையை இங்கே அரக்கு செய்யும். மூன்றையும் சம அளவில் இட்டால் ஒன்றோடொன்று போட்டியிடும். ஆறு பங்கு ஒன்று, மூன்று பங்கு மற்றொன்று, எஞ்சிய ஒரு பங்கு கரையிலோ முந்தானையிலோ மூன்றாவது என வகுத்துக்கொண்டால் கண்ணுக்கு இதம். அன்றியும், மஞ்சள் பாவில் செங்காவி ஊடை ஓட்டினால், அசையும்போது பொன்னிறம் மின்னும் வேறொரு சாயல் தானே பிறக்கின்றது. தறியறிந்தோர்க்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை.

வீட்டு அலங்காரத்திலும் இதே கணக்குத்தான். ஆனால் நம் நாடு வெப்ப நாடு. சிறிய அறையில் சுவரும் திரையும் விரிப்பும் அரக்காகவே இருப்பின் மூச்சு முட்டும். வெள்ளைச் சுவர், மஞ்சள் திரை, செங்காவிப் படுக்கை விரிப்பு, திண்டுறையில் மட்டும் அரக்கு என்றால் அறை நிறைவாகத் தோன்றும். சேலை வாங்க வந்தவர் திரையும் வாங்கிச் செல்வார். மறு ஆண்டு வந்தாலும் பொருந்தும் விரிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவரை மீண்டும் அழைத்து வரும்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். நிறங்கள் பலவானால், ஒவ்வொன்றிலும் சில சிட்டங்கள் மிஞ்சிக் கிடங்கில் முடங்குகின்றன. அவை சங்கத்தின் முடங்கிய முதல் அல்லவா? மூன்றே நிறமாயின், சேலைக்குத் தோய்த்து மிஞ்சிய நூல் திண்டுறைக்கு உதவும். ஒரே தடவையில் மிகுதியாகத் தோய்ப்பதால் நிறபேதமும் குறையும். சாயநூலுக்காகத் தறி காத்துக்கிடக்கும் நாட்களும் குறையும். தறி நின்றால் கூலி நிற்கும் என்பதை எந்த நெசவாளர் குடும்பம் அறியாது?

உழவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆயுதபூசை கழிந்ததும் விலை வீழ்ந்து குப்பைக்குப் போகும் செண்டுமல்லி, கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய பருத்தி நூலுக்கு நல்ல மஞ்சளைத் தரும். மஞ்சிட்டி வேரும் சாயவேரும் சிவப்பைத் தரும். ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. விரலி மஞ்சளின் சாயம் வெயிலில் வெளுக்கும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். செண்டுமல்லிச் சாயமும் வெயிலை ஓரளவே தாங்கும். ஆகவே சன்னல் திரைக்கு வாட் சாயத்தையே கொள்க. தாவரச் சாயத்தை நிழலில் உலர்த்தும் சேலைக்கும் மேலாடைக்கும் வைத்து, அவ்விவரத்தைச் சீட்டில் அச்சிட்டு விற்பதே நேர்மை.

இளைஞர்கள் பலவகை நிறம் கேட்கின்றனரே என்று சிலர் வினவலாம். கேட்பது உண்மையே. ஆனால் கட்டமும் கோடும் கரையும் மாறினால் வகை மாறும். அதற்கு நிறக்கூட்டம் வேண்டுவதில்லை. தனியே ஆர்டர் கொடுப்போருக்கு வேறு நிறம் நெய்து தருவதையும் நாம் தடுக்கவில்லை.

அடுத்த பருவத்துக்குச் சாயம் வாங்குமுன், ஒவ்வொரு சங்கமும் தன் கிடங்கில் மிஞ்சிய சிட்டங்களை நிறவாரியாக எண்ணிப் பொதுக்குழுவின் முன் வைக்கட்டும். அக்கணக்கைக் கண்டபின் அங்கத்தினர்களே தீர்மானிப்பார்களாக.