பயிற்சிப் போட்டியும் பழைய மாணவரும்

விழாக் காலத்தில் எமது கல்லூரியின் பழைய மாணவர் கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று பிரார்த்தனை மண்டபம். மற்றையது விளையாட்டு மைதானம். மண்டபத்திற் பேசுவோர் சிலர், கேட்போர் பலர். மைதானத்திலோ கேட்போர் என ஒருவரும் இலர், யாவரும் பேசுவோரே. அதிலும் உதைபந்தாட்டப் பருவம் தொடங்குமுன் நடைபெறும் பயிற்சிப் போட்டியெனில் வேப்பமர நிழலில் ஒரு சட்டசபையே கூடிவிடும். "இடப்பக்கத்தில் ஆடும் அந்தப் பொடியன் யார்?" "நடுவில் நிற்பவனை ஏன் இன்னும் மாற்றவில்லை?" "எங்கள் காலத்து அணி இப்படியா ஆடிற்று?" என வினாக்கள் எழும். அவற்றுக்கு விடை கூற முன்வருவோரும் வேறு வினாக்களையே விடுப்பர்.

இவ்வழக்கம் எமது வேலிக்குள் மாத்திரம் நிகழ்வதன்று. ஆண்டுதோறும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஐரோப்பியக் கழகங்கள் பருவத்துக்கு முந்திய போட்டிகளில் ஆடும்போது உலகெங்குமுள்ள இரசிகர் இவ்வாறே வாதிடுகின்றனர். புதிதாய்ச் சேர்ந்த இளைஞன் ஒருவன் இரண்டு முறை அழகாகப் பந்தைக் கடத்திவிட்டால் அவனை அரியணையேற்றுவர். மூன்றாம் முறை பந்தைப் பறிகொடுத்தால் அவனை நாடுகடத்துவர். எமது மாணவரும் இவற்றைத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் பார்த்து, மறுநாட் காலையில் வகுப்பறைக்குள்ளேயே அவ்வாதத்தைத் தொடர்வதை நாம் அறிவோம்.

தமிழ் கற்பிக்கும் எமக்குப் பந்தைப்பற்றி எழுத என்ன தகுதி உண்டு என அன்பர்கள் வினவலாம். நாம் எழுதப் புகுந்தது பந்தைப்பற்றியன்று. பந்தை உதைக்கும் பிள்ளையைப்பற்றி. மாலையில் மைதானத்தில் நிற்கும் அவன் காலையில் எமது வகுப்பிலே இருப்பவன். அவ்வுரிமை ஒன்றே எமக்குப் போதுமானது.

பயிற்சிப் போட்டி என்பது யாது? வெற்றி தோல்வியைக் கணக்கிடும் போட்டியன்று. பிழைகளைக் கண்டுகொள்ளும் போட்டி. முதற்பாதியில் ஒரு பதினொருவரும் மறுபாதியில் வேறு பதினொருவரும் ஆடுவதுண்டு. காலையில் ஓடிக் களைத்த கால்களோடு மாலையில் ஆடுவோர் உளர். வலப்பக்கத்தில் ஆடிப் பழகியவனை இடப்பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார் பயிற்றுநர். எதிரணியும் அவ்வாறே சோதனை செய்துகொண்டிருக்கும். ஆகவே அங்கே பெறும் கோல்களைக்கொண்டு ஓர் அணியின் வலிமையை அளப்பது, மாணவன் கட்டுரைக்கு எழுதிய முதற்படியைப் பார்த்துப் பரீட்சைப் புள்ளி வழங்குவதை ஒக்கும். அடித்தல் திருத்தல் இல்லாத முதற்படி உண்டோ? அவை இருப்பதற்காகவன்றோ முதற்படி எழுதப்படுகின்றது!

"ஒரே பயிற்சிப் போட்டியிற் புகழ்பெற்றவர் இலரோ?" என்பது எம்மை மடக்குவதற்கு அன்பர்கள் எடுக்கும் முதல் ஆயுதம். உளர். 2003 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரிலே ஸ்போர்ட்டிங் கழகம் தனது புதிய மைதானத்தைத் திறந்துவைத்தது. இங்கிலாந்தின் மன்செஸ்ரர் யுனைற்றெட் அணி அங்கு சென்று நட்புமுறைப் போட்டியில் ஆடி 3–1 எனத் தோற்றது. அன்று ஸ்போர்ட்டிங் அணியின் பக்கவாட்டில் ஆடிய பதினெட்டு வயது இளைஞரைத் தடுக்கவியலாது மன்செஸ்ரர் வீரர் திகைத்தனர். சில நாட்களுள் அவ்விளைஞரை அக்கழகம் 120 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட விலை கொடுத்துப் பெற்றது. அவரே கிறிஸ்ரியானோ றொனால்டோ.

இக்கதையை யாவரும் அறிவர். இதன் முன்னுரையையும் பின்னுரையையும் அறிந்தோர் சிலரே. மதெய்ரா என்னும் தீவிலே பிறந்த அவர் 1997 ஆம் ஆண்டிலே, பன்னிரண்டு வயதில், வீட்டைப் பிரிந்து லிஸ்பன் சென்று அக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தவர். அவரது தீவுப் பேச்சைக் கேட்டுச் சகமாணவர் நகைத்தனர் என்பதும், வீட்டை எண்ணி அவர் அழுதனர் என்பதும் அவரே பின்னர்ச் சொன்னவை. அன்று மக்கள் கண்டது தொண்ணூறு நிமிட ஆட்டத்தை. அதன் பின்னே நின்றதோ ஆறாண்டுப் பயிற்சி. மன்செஸ்ரர் கழகத்தாரும் அப்போட்டிக்கு முன்னரே அவரைப்பற்றி அறிந்திருந்தனர். பின்னுரையைக் கேளுங்கள். புதிய கழகத்தில் முதற் பருவத்தில் அவர் பெற்ற கோல்கள் ஆறு மாத்திரமே. வீணாகக் காலை ஆட்டிப் பந்தை இழக்கிறார் என இரசிகர் பலர் குறைகூறினர். ஐந்தாவது பருவமாகிய 2007–08 இல் அவர் பெற்றவை நாற்பத்திரண்டு. முதற் பருவத்தோடு தீர்ப்பெழுதி முடித்திருந்தால் அந்நாற்பத்திரண்டும் எங்கே?

இகழ்வோர் அவசரத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1995 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19 ஆம் நாள் பருவத்தின் முதற் போட்டியிலே இளைஞர் பலரைக் களமிறக்கிய அதே மன்செஸ்ரர் அணி அஸ்ரன் வில்லா அணியிடம் 3–1 எனத் தோற்றது. லிவர்பூல் அணியின் தலைவராய் விளங்கிய அலன் ஹான்சன் அன்றிரவு தொலைக்காட்சியில், சிறுவரைக்கொண்டு எதையும் வெல்லவியலாது என்னும் கருத்துப்படக் கூறினார். அப்பருவ முடிவில் அதே சிறுவர் இங்கிலாந்தின் லீக் வாகைப் பட்டத்தையும் எப்.ஏ. கிண்ணத்தையும் ஒருங்கே வென்றனர். ஆட்டத்தை நன்கறிந்த ஒருவரே ஒரு நாளைக்கொண்டு அளந்து தவறினாரெனில், வேப்பமரத்தடியில் நிற்கும் எமது நிலை யாதாகும்?

புகழ்வோர் அவசரம் இகழ்வோர் அவசரத்தினுங் கொடிது. கானா நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பிறெடி அடு என்னும் சிறுவர் 2004 ஆம் ஆண்டு ஏப்பிரலில், பதினான்கு வயதிலே, அந்நாட்டின் உயர்நிலைத் தொழில்முறைப் போட்டியில் ஆடத் தொடங்கினார். "அடுத்த பெலே இவர்" எனப் பத்திரிகைகள் பறைசாற்றின; விளம்பரங்கள் அவரை மொய்த்தன. அவர் திறமையற்றவரல்லர், தம் நாட்டுத் தேசிய அணியிலும் ஆடினார். ஆயினும் நாட்டுக்கு நாடு, கழகத்துக்குக் கழகம் மாறி மாறிச் சென்றும் அப்பெரும் பெயரின் நிழலைவிட்டு அவர் வெளியேற முடியவில்லை. ஏனைய வீரர் தம்முடைய பெயரோடு வளர, அவர் பிறருடைய பெயரைச் சுமந்துகொண்டு வளர நேர்ந்தது.

தூரதேசத்துக் கதைகள் போதும். எமது வீட்டுக் கதைக்கு வருவோம். இதை எழுதுவதில் எமக்குப் பெருமையில்லை. எனினும் எழுதாதிருத்தல் தகாது.

சென்ற ஆண்டு பருவம் தொடங்குமுன், கடற்கரைக் கிராமத்துச் சிறு பாடசாலை ஒன்றிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளையொருவன் எமது கல்லூரிக்கு வந்து சேர்ந்தான். அவன் கால்வண்ணத்தைக் கண்ட பழைய மாணவர் சிலர் முயன்று அவனைக் கொண்டுவந்தனர். பழைய மாணவர் அணியோடு ஆடிய முதற் பயிற்சிப் போட்டியிலே அவன் இரண்டு கோல்களைப் பெற்றான். அன்று மாலையே அவனது ஆட்டம் கைத்தொலைபேசி வழியாக இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றது. அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டப்பட்டது. புதிய சப்பாத்து ஒரு சோடி வந்தது. மறுநாள் வகுப்பிலே நாமும், "எமது வகுப்பில் ஒரு மாவீரர் இருக்கிறார்" எனக் கூறி மாணவரைக் கைதட்டச் செய்தோம். அவன் தலைகுனிந்திருந்தான். அதை அடக்கம் எனக் கொண்டோம்.

இரண்டாம் பயிற்சிப் போட்டியில் அவன் தண்ட உதையொன்றைக் கோலுக்கு வெளியே அடித்தான். பின்னர் ஒரு பந்தும் அவன் காலில் நிற்கவில்லை. "இவனையா இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தோம்?" என்று எல்லைக்கோட்டின் அருகே எழுந்த குரல் மைதானத்தின் நடுவிலும் கேட்டது. நாம் அருகில் நின்றோம். மறுத்து ஒரு சொல்லும் கூறினோமல்லோம். அடுத்த கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமை பாடசாலைக்கும் வரவில்லை.

அவன் விட்டுச்சென்ற கட்டுரைக் கொப்பியை அப்பொழுதுதான் நாம் ஊன்றிப் படித்தோம். "எனது விருப்பம்" என்னும் தலைப்பின் கீழ் அவன் எழுதியிருந்தவை ஐந்தே வரிகள். ஒருவரும் பார்க்காத நேரத்தில் விளையாட விருப்பம் என்பது அவற்றுள் ஒன்று. ஐந்து வரிகளிலும் பிழையில்லாத வரி ஒன்றேனும் இல்லை. வாசிப்பிலும் எழுத்திலும் அவன் வகுப்புக்கு இரண்டாண்டு பின்தங்கியிருந்தான். அவனுடைய வலக்காலின் வலிமையை அறிந்தோர் நூறுபேர் இருந்தனர். அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதே சிரமம் என்பதை அறிந்தவர் எவருமிலர். தமிழாசிரியராகிய நாமும் அறிந்திலோம். இக்குற்றத்தைப் பழைய மாணவர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. இதிற் பெரும்பங்கு எம்முடையதே.

பயிற்றுநரும் நாமும் அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயார் தேநீர் தந்து, "பிள்ளை பந்தடிக்கிறதைவிடப் படிச்சால் போதும் எண்டுதான் அனுப்பினனான், ஐயா" என்றார். அச்சொல்லுக்கு எம்மிடம் விடையில்லை. அவன் மீண்டு வந்தான். கிழமையில் மூன்று நாள் பயிற்சிக்கு முன்னர் அரைமணி நேரம் எம்மோடு வாசித்தான். பயிற்றுநர் அவனை முதலணியிலிருந்து எடுத்துப் பதினாறு வயதுப் பிரிவில் ஆடவிட்டார். இவ்வாண்டு அவன் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றான். பெருவீரன் ஆவானோ என்பதை நாம் கூறோம். கூறாதிருத்தலே நாம் கற்ற பாடம்.

"பணமும் நேரமும் செலவிடும் எமக்குப் பேசவும் உரிமையில்லையோ?" எனப் பழைய மாணவ அன்பர் வினவுவர். உரிமை உண்டு. அவர்கள் வாங்கித்தந்த வலையிலேதான் பந்து விழுகின்றது. அவர்கள் ஆரவாரமின்றி மைதானம் வெறுந்தரையே. வாதம் ஆட்டத்தின் உயிர் என்பதையும் மறுக்கோம். ஆயின் ஊதியம் பெற்று ஆடும் வீரனை விமர்சித்தல் வேறு; கல்வி பெற வந்த பிள்ளையை விமர்சித்தல் வேறு. முன்னவன் அதனைத் தொழிலின் ஒரு கூறாக ஏற்றுக்கொண்டவன். பின்னவனோ அவ்வாறு எதனையும் ஏற்றுக் கையொப்பமிட்டவனல்லன். மேலும், பழைய மாணவரின் சொல்லுக்கு அவர்கள் நினைப்பதினும் நிறை மிகுதி. அவர்கள் பொழுதுபோக்காய்ச் சொன்னதைப் பிள்ளை தீர்ப்பாகக் கேட்கின்றான்.

ஆகையால் இவ்விழா ஆண்டிலே மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கின்றோம். முதலாவது: பயிற்சிப் போட்டியைப் படம்பிடித்துப் பரப்பாதிருப்போமாக, ஒரு பருவம் முழுவதும் ஆடி முடியும்வரை எப்பிள்ளைக்கும் பட்டப்பெயர் சூட்டாதிருப்போமாக. இரண்டாவது: பரிசளிக்க விரும்புவோர் ஒருவனுக்கு மாத்திரம் சப்பாத்து அளிப்பதை விடுத்து, அணி முழுவதற்கும் அளிப்பாராக. ஒருவன் புதிய சப்பாத்தோடும் பதின்மர் பழைய சப்பாத்தோடும் ஆடும் அணி ஓரணியாய் இராது. மூன்றாவதே தலையாயது: வேறொரு பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவருவோர், அவன் கல்விக்கும் பொறுப்பேற்பாராக. அவனைச் சேர்க்கும் நாளிலேயே அவன் வாசிப்பையும் கணக்கையும் ஆசிரியர் சோதித்தறிதல் வேண்டும். குறையிருப்பின் அதனை நிரப்ப வழிசெய்தல் வேண்டும். அவன் கால் முறிந்தாலும், கோல் பெறாவிட்டாலும், கல்லூரி அவனைக் கைவிடாது என்னும் உறுதியை அவன் பெற்றோருக்கு அளித்தல் வேண்டும். இதற்கியலாதெனில் அச்சிறு பாடசாலையின் அணியிலேயே அவன் ஆடுக. அங்கே அவனை அறிந்தோர் உளர்.

ஆராய்ந்து தெளிதலுக்கு ஓரதிகாரம் வகுத்து, அதன்பின்னரே வினையில் அமர்த்துதலுக்கு மற்றோரதிகாரம் வகுத்தார் வள்ளுவர். நாமோ பலகாலும் அவ்வரிசையை மாற்றிவிடுகின்றோம். பிள்ளையை முதலில் வினையிலே தள்ளிவிட்டுப் பின்னர் ஆராயத் தொடங்குகின்றோம்.

அடுத்த பருவத்துப் பயிற்சிப் போட்டி அண்மிக்கின்றது. வேப்பமர நிழலிலே மீண்டும் கூடுவோம். அன்பர்கள் தாராளமாக வாதிடுவாராக. நாமும் வாதிடுவோம். ஆனால் ஒரு பிள்ளை பந்தைத் தவறவிடும்போது, வாய்திறக்குமுன் அவனும் நாளைக்கு இக்கல்லூரியின் பழைய மாணவன் என்பதை எண்ணுவோமாக. இன்னும் ஒரு விழா வரும்; அவ்விழாவுக்கு அவனும் வருவான். இந்த மைதானத்தைப்பற்றி அவன் அன்று எதை நினைவுகூர்வான் என்பது, இன்று எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் எம்முடைய நாவில் இருக்கின்றது.