ரத்தத்தில் ஆட்டு ரோமம்!

நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். "இதில் ஆட்டு ரோமம் இருக்கிறது" என்கிறது கருவி!

எப்படி வந்தது? சோதித்தவர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்!

கருவியின் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுகளை எடை போட்டு, இன்ன பொருள் என்று கண்டுபிடிக்க உதவும் தராசு அது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் சிதறாமல் எடை போட வழி கண்டவர்கள் அமெரிக்கர் ஜான் ஃபென், ஜப்பானியர் கோயிச்சி தனாகா. இருவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தராசு பொய் சொல்லாது. ஆனால், தட்டில் விழுந்ததை எல்லாம் எடை போட்டுவிடும். அதுதான் தொல்லை! தலைமுடி, உதிரும் தோல், கம்பளி நூல் எல்லாவற்றிலும் 'கெரட்டின்' என்ற புரதம் உண்டு. ரத்தத்தில் உள்ள புரதத்தைத் துண்டு போடுவதற்கு 'டிரிப்சின்' சேர்க்கிறார்கள். பெரும்பாலும் பன்றியிடம் இருந்து எடுப்பது. அதுவும் கணக்கில் ஏறிவிடும்!

கையுறை மாட்டினாலும் தூசியை முழுதும் தடுக்க முடிவதில்லை. ஆகவே, கெரட்டின் என்று வந்தாலே "அழுக்கு" என்று அடித்துவிடுகிறவர்கள் உண்டு.

இது சரியல்ல. சிலவகை நுரையீரல் புற்றுநோயில், 'கெரட்டின் 19' என்பதன் துண்டுகள் ரத்தத்தில் கூடுகின்றன. அதையும் சேர்த்து அடித்துவிட்டால் நோயாளியின் கதி என்ன?

ரத்தத்துக்குப் பதிலாகச் சுத்தமான தண்ணீரை எடுங்கள். அதே குழாய், அதே மருந்து, அதே ஆள். கருவியில் ஓட்டுங்கள். அதில் தெரிவதெல்லாம் வெளியழுக்கு! நல்ல ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்கிறார்கள். அந்தத் தண்ணீர்க் கணக்கையும் ஆய்வு முடிவோடு சேர்த்து அச்சிட வேண்டும். கருவிக்கு வேலை கூடும். கூடட்டுமே!