பாதியில் கேட்ட நாடகம்



"நாள் முழுவதும் சீரியல் பார்க்கிறாள், சாமி. ஏன் என்று கேட்டால், கல்லூரியில் எழுதி வரச் சொன்ன பாடம் என்கிறாள். மிச்ச நேரத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பழைய ரேடியோ நாடகம் கேட்கிறாள். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது இதற்குத்தானா?"

நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவரின் முறையீடு இது. அவருடைய மகள் காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவி. ஒரு தொலைக்காட்சித் தொடரையும் ஒரு வானொலி நாடகத்தையும் எடுத்துக்கொண்டு, அவை எவ்வாறு உருவாக்கப்பட்டுள்ளன என்று ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட பணி. தாயின் கவலை நியாயமானதே. வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வீணாகிறதோ என்று எந்தப் பெற்றோர்தாம் அஞ்சமாட்டார்? இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் எழக்கூடுமாதலால், இம்மாதம் இப்பகுதியில் அதற்கு விடை கூற முற்படுகிறேன்.

அம்மாணவியின் குறிப்பேட்டை வாங்கிப் படித்தேன். தொடரின் ஒரே காட்சியை அவள் மும்முறை பார்த்திருக்கிறாள். முதன்முறை, எல்லாரையும் போல. இரண்டாம் முறை, ஒலியை முற்றிலும் அடைத்துவிட்டு. மூன்றாம் முறை, திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, ஒலியை மட்டும் கேட்டு. ஒலியை அடைத்தபோது, கொடிய மாமியார் வாசற்படியில் நிற்கும் சாதாரணப் பெண்மணியாகத் தெரிந்தாராம். முதுகைக் காட்டி அமர்ந்தபோதோ, அவர் வாய் திறக்குமுன்னரே பின்னணி இசை முழங்கி, அவரை வெறுக்கும்படி கட்டளையிட்டுவிட்டதாம். காமிரா கீழிருந்து அண்ணாந்து நோக்கினால் ஒருவர் பெரியவராகவும், மேலிருந்து குனிந்து நோக்கினால் சிறியவராகவும் தோன்றுவதைக் குறித்திருந்தாள். மற்றொரு பக்கத்தில் ஒரே ஒரு வரி: அத்தொடரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. நம்மில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்போம்?

வானொலி நாடகத்தைப் பற்றிய குறிப்புகளும் சுவையானவை. இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை ஓடுகிறது. கண்ணாடித்தாளைக் கசக்கினால் வீடு தீப்பற்றி எரிகிறது. தகரத்தகட்டை ஆட்டினால் இடி இடிக்கிறது. குதிரையும் தீயும் இடியும் கேட்பவர் உள்ளத்திலேயே உண்டாகின்றன. நம்பிக்கை கேள்வியினால் பிறக்கிறது என்று புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதினார். செவி வழியாக நற்செய்தி நுழைவது போன்றே பொய்யும் நுழையக்கூடும். இதற்குச் சான்றாக நிற்கும் பழைய நிகழ்ச்சி ஒன்றில் தலைமைப் பாத்திரம் வகித்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை வாசகர் அறிந்தால் வியப்படைவர்.

அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அருள்திரு ரானல்டு நாக்ஸ். ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, 1917-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து குருவானவர். துப்பறியும் கதைகள் எழுதியவர். பின்னாளில் திருவிவிலியம் முழுவதையும் வல்காத்து இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். நகைச்சுவையில் வல்லவரான அவர், 1926 சனவரி 16-ஆம் நாள் மாலை எடின்பரோ நிலையத்திலிருந்து பி.பி.சி. வானொலியில் ஒரு வேடிக்கை நிகழ்ச்சி நடத்தினார். முதலில் ஒரு வறட்டு விரிவுரை. அதனிடையே செய்தி அறிக்கைகள். வேலையற்றோர் கூட்டம் இலண்டன் நகரில் திரண்டுவிட்டது. பிக் பென் மணிக்கூண்டு தகர்க்கப்பட்டது. சவாய் விடுதி வெடிவைத்துச் சிதறடிக்கப்பட்டது. அமைச்சர் ஒருவர் விளக்குக் கம்பத்தில் தூக்கிலிடப்பட்டார் என இவ்வாறு அடுக்கிக்கொண்டே போனார். கூட்டத்தை நடத்திச் சென்றவரோ, நாடகக் கொட்டகைகளில் வரிசையில் நிற்பதை ஒழிப்பதற்கான இயக்கத்தின் செயலாளராம்! சற்றுச் சிந்திப்பவர் இதைக் கேட்டதும் சிரித்திருக்க வேண்டும்.

பலர் சிரிக்கவில்லை. வேடிக்கை நிகழ்ச்சி என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தும், அவ்வறிவிப்பைத் தவறவிட்டு நடுவில் வானொலியைத் திறந்தவர்கள் நடுங்கிப்போயினர். நிலையத்திற்கும் செய்தித்தாள் அலுவலகங்களுக்கும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அன்றிரவே பி.பி.சி. விளக்கம் கூற நேர்ந்தது. மறுநாள் பனிமழையினால் பல ஊர்களுக்குச் செய்தித்தாள்கள் தாமதமாகவே சென்றன. இலண்டன் அழிந்ததாலேயே தாள் வரவில்லை என்று எண்ணியவர்களும் உண்டு.

அறிவிற் சிறந்த மக்கள் இதை எங்ஙனம் நம்பினர்? உருசியப் புரட்சி நடந்து பத்தாண்டு நிறைவுறாத காலம் அது. இங்கிலாந்திலும் வேலையின்மை மிகுந்து, சுரங்கத் தொழிலாளரின் வழக்கு தீராதிருந்தது. அவ்வாண்டு மே மாதம் பொது வேலைநிறுத்தமே வெடித்தது. நாக்ஸ் அடிகளார் புதிதாக எந்த அச்சத்தையும் விதைக்கவில்லை. மக்கள் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த அச்சம் அவர் குரலில் தன்னையே கேட்டுக்கொண்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஆர்சன் வெல்சு என்னும் இருபத்து மூன்று வயது இளைஞர், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வருவதாக எச்.ஜி. வெல்சு எழுதிய கதையைச் செய்தி அறிக்கைகளின் வடிவில் வானொலி நாடகமாக்கினார். ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்திருந்த நாள்கள் அவை. இங்கும் தொடக்க அறிவிப்பைக் கேளாதவர் சிலர் கலங்கினர். மறுநாள் செய்தித்தாள்களோ நாடே பீதியில் ஓடியதாகக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். நாடகத்தைச் செய்தியென்று நம்பியவர் சிலர். செய்தித்தாளின் நாடகத்தை நம்பியவரோ அவரினும் பலர்! இதே கதையை 1949 பிப்ரவரியில் எக்குவதோர் நாட்டுக் கீற்றோ நகர வானொலி ஒலிபரப்பியபோது, உண்மையறிந்து சினங்கொண்ட கூட்டம் நிலையக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. அதில் உயிர்கள் மாண்டன.

நிற்க. இவை அயல்நாட்டுப் பழங்கதைகள், நமக்கென்ன என்று கேட்கலாம். பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைக் காணாமற்போகாது காக்கும்படி பெற்றோரை எச்சரிக்க ஒரு குறும்படம் எடுத்தனர். மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். இறுதியில் அவர்களே அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுகின்றனர். 2018-இல் யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டியெறிந்துவிட, மிச்சம் செல்பேசி வழியாக இந்தியாவெங்கும் உண்மைச் சம்பவம் போல் பரவியது. இத்தகைய வதந்திகள் நம் தமிழகத்திலும் உலாவிய அதே ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணப்பட்டு ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களும் பிள்ளை பெற்றவர்கள். தம் மக்கள்மீது அன்பு கொண்டவர்கள். அன்பு இருந்தது, ஆய்ந்து பார்க்கும் பழக்கம் இல்லை. ஒரு பாட்டியின் உயிர் போயிற்று.

ஆகவே, அம்மாணவியின் குறிப்பேட்டில் உள்ள கேள்விகளை அற்பமென்று தள்ளலாகாது. இதைச் சொல்பவர் யார்? இது கதையா, செய்தியா? தொடக்கம் எது, முடிவு எது? நான் எதற்கு அஞ்ச வேண்டும், யாரை வெறுக்க வேண்டும் என்று இது விரும்புகிறது? இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை ஒன்று வீட்டில் இருப்பது அக்குடும்பத்திற்குக் காவல்.

திருச்சபையும் இதையே வேண்டியுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்களைக் குறித்து வெளியிட்ட ஏட்டில், பார்ப்பவரும் கேட்பவரும் தெரிந்து தேர்ந்துகொள்ளும் கடமையை வலியுறுத்தி, இளைஞருக்கு இதில் தக்க பயிற்சி அளிக்கக் கோரியது. வீட்டினுள் நுழைபவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெற்றோருக்கு நினைவூட்டியது. 1967 முதல் ஆண்டுதோறும் சமூகத் தொடர்பு நாளையும் கொண்டாடி வருகிறோம். கதையைத் திருச்சபை பகைத்ததில்லை. நம் ஆண்டவரே உவமைகளால் போதித்தார். இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசனிடம் நேரே குற்றஞ்சாட்டாமல், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன் கதையைக் கூறினார். அரசன் கொதித்தெழுந்து தீர்ப்பளித்தபின், அச்செல்வன் அவனே என்று வெளிப்படுத்தினார். தாவீது அக்கதையைப் பாதியில் கேட்டு எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாத்தானின் கடைசிச் சொல்லே அவனை மனந்திருப்பியது.

இக்கடைசிச் சொல்லைத் தொலைக்காட்சியிலும் ஒருவர் சொன்னதுண்டு. 1984 சூலை முதல் 1985 டிசம்பர் வரை தூர்தர்சனில் 156 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரில், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று கண்டதைப் பற்றிப் பார்ப்பவரிடம் சிறிது நேரம் பேசுவார், வினா எழுப்புவார். மக்கள் இலட்சக்கணக்கில் மடல் எழுதினர். அவ்வாறு பேசியும்கூட, எல்லாவற்றையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளும் பாகவந்தி என்ற தாயின் பாத்திரத்தை, இப்படித் துன்புறலாகாது என்னும் எச்சரிக்கையாக ஆசிரியர் படைத்திருக்க, அவளே தாம் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று கொண்ட பெண்கள் பலர் என்பதை ஆய்வாளர் கண்டனர். பேசுபவர் இருந்தபோதே இவ்வாறெனில், பேச ஒருவருமில்லாத நம் கூடங்களில், ஒவ்வோர் இரவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தொடர்களிலிருந்து நம் பெண்மக்களும் ஆண்மக்களும் எதையெதைப் பாடமாகக் கொள்கின்றனரோ!

எனவே, அந்தத் தாய்க்கும் உங்கள் அனைவருக்கும் என் வேண்டுகோள் இதுவே. அசோக் குமார் அமர்ந்த நாற்காலியில் இனி நீங்கள் அமருங்கள். தொடர் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, செபமாலைக்கு முழந்தாளிடுமுன் ஐந்து நிமிடம் பேசுங்கள். இன்று யாரை வெறுக்கச் சொன்னார்கள்? அவள் பக்க நியாயத்தைக் காட்டினார்களா? வேலைக்காரப் பெண்ணின் பெயர் என்ன? நம் வீட்டில் வேலை செய்பவரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கல்லூரியில் பயிலும் மகளோ மகனோ இருந்தால் அவரையே ஆசிரியராக்கிக் கேளுங்கள்; கட்டிய பணம் குடும்பத்திற்கே பயன் தரட்டும். செல்பேசியில் அச்சமூட்டும் குரலோ படமோ வந்தால், அதன் தொடக்கத்தையும் முடிவையும் அறியும்வரை எவருக்கும் அனுப்பாதீர்கள்.

கேட்பவர் எவ்வாறு கேட்கிறார் என்பதில் கருத்தாயிருக்கும்படி விதைப்பவர் உவமையை அடுத்து ஆண்டவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை மனத்திற்கொண்டு, காண்பதையும் கேட்பதையும் பகுத்தறியும் வரத்தைத் தூய ஆவியார் உங்கள் இல்லங்களுக்கு நிறைவாய் அருள்வாராக.

உங்கள் அன்புப் பங்குத்தந்தை