"கிட்ல போட்டாச்சே" என்பது ஒரு பதிலா?

ஏதாவது ஒரு மென்பொருள் குழுவிடம் போய், "டிசைன் மாடல் எல்லாம் வெர்ஷன் கன்ட்ரோல்ல இருக்கா?" என்று கேட்டால், "ஓ, கிட்ல போட்டாச்சே" என்று உடனே பதில் வரும். போட்டாச்சு, சரி. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் மாடலில் என்ன மாறியது என்று காட்ட முடியுமா? ஒரே நாளில் இரண்டு பேர் திருத்தினால் இரண்டு பேர் வேலையும் நிற்குமா? இங்கேதான் பேச்சு அப்படியே அடங்கும்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதல் வருஷமே சொல்லித் தருவது, பேரேட்டில் தப்பாக எழுதினால் அழிக்காதே, திருத்தப் பதிவு போடு என்பது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் எடிட் லாகில் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்று விதியே இருக்கிறது. (அமலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள், அது தனிக்கதை.) கணக்குப்பிள்ளைக்கு இவ்வளவு கட்டுப்பாடு. அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் தங்கள் சொந்த வரைபடத்துக்கு என்ன செய்கிறார்கள்? 'டிசைன் ஃபைனல் புதுசு 3' என்று ஒரு கோப்பு. கேட்டால் கிட்டாம்!

கோளாறு கிட்டில் இல்லை. யூஎம்எல் 1997ல் தரமாக ஏற்கப்பட்டதிலிருந்தே பலருக்கும் அது ஏதோ கட்டம் போட்டு அம்புக்குறி வரைகிற சமாசாரம் என்ற எண்ணம். மாடலிங் டூலில் தெரிவது படம்தான், ஆனால் பின்னால் இருப்பது ஒரு வலை. 'வாடிக்கையாளர்' என்ற ஒரே கிளாஸ் பத்து படத்தில் வரும். ஒரு இடத்தில் பெயரை மாற்றினால் பத்திலும் மாறும். அதற்காகத்தான் காசு கொடுத்து டூல் வாங்குகிறார்கள். கிட்டோ வரி வரியாகப் படிக்கிற ஆள். ப்ரோகிராம் என்றால் வரிகள், பிரச்சினை இல்லை. வலையை வரியாகப் படிக்கச் சொன்னால்?

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்ற பிரபலமான டூலையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பழைய 'ஈஏபி' கோப்பு உண்மையில் மைக்ரோசாஃப்டின் ஜெட் டேட்டாபேஸ். புதிய கோப்பு எஸ்க்யூலைட். இரண்டுமே கிட்டின் கண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரே மூட்டை. இரண்டு பேர் திருத்தியிருந்தால் கிட் கேட்பது ஒரே கேள்வி: உன்னுடையதா, அவனுடையதா?

நாலு பேர் சேர்ந்து செய்யும் ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி பில்லிங் பகுதி முழுக்க வரைந்து கமிட் செய்கிறாள். இன்னொருவன் லாகின் பகுதி. ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி கான்ஃபிளிக்ட் வருகிறது. தூக்கக் கலக்கத்தில் யாரோ 'என்னுடையது' என்று அமுக்கிவிடுகிறான். காலையில் புரொஜெக்டரில் பில்லிங் பகுதியே இல்லை. "நீ என்னம்மா பண்ணினே?" என்று சார் கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? பழைய கோப்பு வரலாற்றில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, கண்ணால் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைய வேண்டும். யார் என்ன செய்தார்கள் என்று சாட்சி சொல்லத்தானே இந்த ஏற்பாடு? அதுவே அவளைக் கைவிட்டால் எப்படி?

"அப்போ எக்ஸ்எம்ஐ ஆக்கிப் போடுங்க, அது டெக்ஸ்ட்தானே" என்று ஒரு கோஷ்டி வரும். இவர்கள்தான் இன்னும் ஆபத்து! எக்ஸ்எம்ஐயில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நீள அடையாள எண். ஒருவன் தன் கிளையில் 'பில்' கிளாஸை நீக்குகிறான். இன்னொருத்தி தன் கிளையில் 'வாடிக்கையாளர்'இலிருந்து அதே 'பில்'லுக்கு ஒரு கோடு போடுகிறாள். கோப்பில் இரண்டும் வெவ்வேறு மூலையில் இருக்கும் வரிகள். கிட் சிரித்துக்கொண்டே சேர்த்துவிடும், கான்ஃபிளிக்ட் என்று ஒரு முனகல்கூட இல்லை. இப்போது இல்லாத கிளாஸுக்கு ஒரு கோடு நிற்கிறது. சண்டை வந்தாலாவது யாராவது பார்ப்பார்கள்.

வழி இல்லாமல் இல்லை. எக்லிப்ஸ் பக்கம் ஈஎம்எஃப் கம்பேர் இருக்கிறது, வரியை விட்டுவிட்டு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடும். (பாப்பிரஸ் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: மாடல் ஒரு கோப்பில், படத்தின் அமைப்பு நொட்டேஷன் என்ற இன்னொரு கோப்பில். முதலாவதை மட்டும் கமிட் செய்தால் படம் போச்சு.) அப்படி ஒப்பிடும் வசதி இல்லாத டூல் என்றால், கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதி, மாடல் கோப்பை வரி வரியாகச் சேர்க்காதே என்று தடுத்துவிடலாம். அதன்பிறகு பூட்டு.

பூட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒருவர் திருத்தும்போது மற்றவர் காத்திருப்பதா, இதென்ன ஆதிகாலம் என்பார்கள். கிட் பிறந்தது 2005ல். அதே 2005ல்தான் சப்வெர்ஷன் தன் 1.2 பதிப்பில் பூட்டைக் கொண்டுவந்தது, சேர்க்க முடியாத கோப்புகளுக்காகவே. கிட் எல்எஃப்எஸ்ஸிலும் பின்னால் பூட்டு வந்தது. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டே மாடலைப் பேக்கேஜ் பேக்கேஜாகப் பிரித்து, செக்-அவுட் செய்தவர் மட்டும் திருத்தும் முறையைத் தருகிறது. மாடலைச் சின்னச் சின்ன பேக்கேஜாகப் பிரித்தால் காத்திருப்பும் குறையும். அந்தப் பிரிப்பைச் செய்யச் சோம்பல், பழி பூட்டின் மேல்!

சின்னக் குழுவுக்குப் பெரிய டூலே தேவையா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பிளான்ட்யூஎம்எல்லில் படத்தை எழுத்தாக எழுதலாம், யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது பளிச்சென்று தெரியும். அறுபது கிளாஸ் போட்டால் படம் நூடுல்ஸ் மாதிரி வரும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காணாமல் போன அழகான படத்தைவிட இருக்கிற நூடுல்ஸ் தேவலை :-)

எந்த டூலானாலும் முதல் கட்டம் வரைவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரச் சோதனை போதும். இரண்டு பேர் வேண்டுமென்றே இரண்டு கிளைகளில் ஒரே கிளாஸில் கை வைக்கட்டும், ஒருவர் நீக்கட்டும், மற்றவர் கோடு போடட்டும். பிறகு சேர்த்துப் பார்க்கட்டும். என்ன உடைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும், ரிவ்யூ அன்று காலை புரொஜெக்டர் முன்னால் தெரிய வேண்டியதில்லை.